எந்த வாட்சை வைத்துக்கொள்வது?

பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதிது வாங்க நாம் தயங்குவதே இல்லை. கைக்கடிகாரம் என்றால் மட்டும் மனசு வராது. ஒவ்வொன்றாக பீரோவில் சேர்ந்துவிடும். என் வீட்டுக்காரருக்கோ பழைய வாட்ச் என்றால் உயிர். தேடிப் போய் வாங்குவார். போன வருஷம் எண்ணினால் 14 இருந்தன! மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதத்தில் 15-வதுக்கு ஆசைப்பட்டார். "முதல்லே இருக்கறதுலே எது வேணும், எது வேண்டாம்னு பார்ப்போம்" என்றேன். இருவருமாக உட்கார்ந்து மூன்று கேள்விகள் வகுத்துக் கொண்டோம்.

யாருடையது?

மாமனார் கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதாவுக்கு முதல் இடம். தினமும் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். '17 ஜுவல்ஸ்' என்பார்களே, அவை அலங்காரக் கற்கள் அல்ல. சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல உள்ளே வைக்கும் செயற்கை மாணிக்கக் கற்கள். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய தொழில் அது. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. இருப்பதைப் பத்திரப்படுத்தத்தானே வேண்டும்?

ரிப்பேர் ஆகுமா?

சாவி கொடுக்கும் வாட்சைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் மறுபடி ஓடும். மலிவான பேட்டரி வாட்சில் உள்ளே மிஷின் போய்விட்டால், ரிப்பேர் செலவு வாட்ச் விலையைத் தாண்டிவிடும். அப்படிப்பட்டவை ஐந்தைக் கழித்தோம்.

அசல்தானா?

ஒருவர் எச்.எம்.டி. பைலட் ஒன்று கொண்டு வந்தார். டயல் நேற்றுச் செய்தது போலப் பளபளத்தது. பின்மூடியிலோ ஏகப்பட்ட கீறல்! டயலுக்கு மறுபடி பெயிண்ட் அடித்து, வேறு வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து விற்பதும் உண்டு. எழுத்துக்கள் கோணலாக இருந்தாலும், முள் பொருந்தாமல் இருந்தாலும் யோசியுங்கள். 15-வது வாட்ச் அதோடு நின்றது.

மாமியாரின் சின்ன வாட்ச்தான் எங்களைத் திணற வைத்தது. ஓடவில்லை, பாகமும் கிடைக்காது என்றார் கடைக்காரர். இரண்டாவது கேள்விப்படி கழித்துவிட வேண்டியதுதான். மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இவனுக்கு டைபாய்டு வந்தப்போ இதுலே மணி பார்த்துத்தாம்மா ராத்திரியெல்லாம் மருந்து குடுத்தேன்" என்றார். என்னவர் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து ஜனதாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கேள்விகளில் முதலாவதற்குத்தான் பலம் அதிகம்!

மிஞ்சியது ஆறு. ஓடுகிற மூன்றை உறவுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஐந்து விலை பெறாதவை. இனி ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும்.

வைத்துக்கொள்வதைப் பாதுகாக்க:

* கட்டாத பேட்டரி வாட்சிலிருந்து பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். கசிந்தால் மிஷினை அரித்துவிடும்.

* அந்தப் பொத்தான் பேட்டரியைக் குழந்தைகள் எடுக்கும்படி வைக்காதீர்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* மிகப் பழைய, இருட்டில் ஒளிரும் டயல்களில் ரேடியம் பூச்சு இருக்கலாம். அவற்றை வீட்டில் திறக்க வேண்டாம்.

* சாவி வாட்சுக்கு வாரம் ஒருமுறையாவது சாவி கொடுங்கள்.

* யார் கட்டியது, எந்த வருஷம் வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். பேரன் பேத்திகளுக்கு வாட்சின் விலையைவிட அந்தச் சீட்டுதான் பெரிதாக இருக்கும்.