பெட்டி கண் விழிக்க ஏன் இத்தனை நேரம்?

பொத்தானை அமுக்கியாயிற்று. டிகாஷன் இறங்கி, பால் காய்ந்து, காப்பியும் குடித்தாயிற்று. கம்ப்யூட்டர் திரையில் அந்த வட்டம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது! அடுத்த வீட்டுப் புதுப் பெட்டியோ கால் நிமிஷத்தில் கண் விழித்துவிடுகிறது. மயிலாப்பூரானாலும் சரி, மடுகரையானாலும் சரி, பழைய பெட்டி உள்ள வீடுகளில் இந்தப் புலம்பல் உண்டு. காரணம் என்ன?

கம்ப்யூட்டர் வேலை செய்யும் இடம் 'ராம்' என்னும் நினைவகம். நம் சமையல் மேடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மின்சாரம் நின்றதும் மேடை துடைத்தாற்போல் காலியாகிவிடும். மறுபடி பொத்தானை அமுக்கினால், விண்டோஸ் போன்ற மூலப் புரோகிராமைச் சேமிப்பு அறையிலிருந்து மேடைக்குக் கொண்டுவர வேண்டும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான்.

பழைய லாப்டாப்பின் சேமிப்பு அறை ஹார்ட் டிஸ்க். அதன் தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 தடவை சுழல்கிறது. ஊசி போன்ற ஒரு கை அங்குமிங்கும் நகர்ந்து வேண்டியதைத் தேடி எடுக்கிறது. ஒரு தேடலுக்கு ஏறக்குறைய வினாடியில் நூறில் ஒரு பங்கு. 'இவ்வளவுதானா?' என்று அலட்சியம் செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான துணுக்குகளைத் தேட வேண்டுமே! பரண்மேல் ஏறி இறங்கி ஒவ்வொரு கடுகாக எடுப்பது போலத்தான். புதுப் பெட்டிகளில் உள்ள எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே கிடையாது. எல்லாம் மின் சில்லுகள். தேடல் நூறு மடங்கு வேகம். கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டி என்று சொல்லலாம்.

இன்னொரு யுக்தியும் உண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, பெட்டியை அணைக்கும்போது விண்டோஸ் தன் உட்கருவின் நிலையைச் சேமிப்பில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. இரவே மாவரைத்து வைத்தால் காலையில் இட்லி சீக்கிரம் ஆவதில்லையா? ஆகையால் பெட்டி மக்கர் செய்தால் அணைத்துப் போட்டால் போதாது, 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அப்போதுதான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய லாப்டாப் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் தூங்குகிறதா? பழைய இரும்புக்காரரிடம் போடுமுன், ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்த முடியுமா என்று ரிப்பேர்க் கடையில் விசாரியுங்கள். பெண்ணின் படிப்புக்கு இன்னும் சில காலம் உழைக்கக்கூடும். ஆனால் கல்யாணப் படங்களையும் சர்டிபிகேட்டுகளையும் வேறிடத்தில் பிரதி எடுத்த பிறகே கொடுங்கள். கழற்றிய டிஸ்கை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு ரகசியமெல்லாம் அதில்தான் இருக்கிறது!

பெட்டி திடீரென்று மந்தமாகி, உள்ளே 'டிக் டிக்' என்று சப்தம் கேட்டால் மட்டும் காத்திராதீர்கள். தட்டு நோய்ப்பட்டிருக்கலாம். பிரதி எடுப்பதுதான் அன்றைக்கு முதல் வேலை. அடுப்பு கூடச் சற்றுக் காத்திருக்கட்டும்.