முதல் சொல்லை ஏற்காத வெண்பா

தமிழ்ப் பாக்களில் கட்டுப்பாடு மிகுந்தது வெண்பா. மற்றப் பாக்களில் வேறு தளை (சீரோடு சீர் இணையும் முறை) கலந்து வரலாம். வெண்பாவில் ஓரிடத்தில் தளை தட்டினாலும் அது வெண்பா இல்லை.

அடிப்படை அசைதான்; அசைகள் சேர்ந்தால் சீர். ‘பூ’, ‘கல்’ போல வருவது நேர். ‘மழை’, ‘நிலா’ போல வருவது நிரை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய். மாவை அடுத்து நிரையும், விளம், காய் இரண்டையும் அடுத்து நேரும் வர வேண்டும். கடைசி அடிக்கு மூன்றே சீர். அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகையில் இலக்கணம் விரிவாக உண்டு. எழுதிப் பழக இவ்வளவு போதும்.

தந்தையை இழந்த ஒருவர் வெண்பா எழுத உட்காருகிறார். நெஞ்சில் முதலில் எழுவது ‘அப்பா இல்லை’. ‘அப்பா’ தேமா (நேர் நேர்), அதன்பின் நிரை வர வேண்டும். ‘இல்லை’யோ நேரில் தொடங்குகிறது. தளை தட்டுகிறது. மனம் வேறு சொல் தேடி அலைகிறது. தேடலில் ‘அப்பா இருந்த அறை’ என்று அமைகிறது. தேமா, புளிமா (நிரை நேர்), மலர் (ஈற்றில் தனித்து நிற்கும் நிரை): பிழையற்ற ஈற்றடி. முதலில் வந்தது யாரும் சொல்லக்கூடிய செய்தி. இதில் ஒரு வீடு இருக்கிறது, திறக்கத் தயங்கும் ஒரு கதவு இருக்கிறது. இலக்கணம் உணர்ச்சியை நெரிக்கிறது என்பதை நான் ஏற்பதில்லை. எளிதில் வாய்க்கும் சொல்லை அது மறுக்கிறது; நமக்கே உரிய சொல்லை நோக்கித் தள்ளுகிறது. எல்லா முறையும் அந்தச் சொல் கிடைத்துவிடும் என்றும் இல்லை. தளை சரியாக இருந்தும் உயிரில்லாத வெண்பாக்கள் ஏராளம்.

உயிருள்ள வெண்பாவுக்குப் பாரதியாரிடம் ஒரு சான்று உண்டு. அவர் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அங்கே மணக்குள விநாயகர்மேல் அவர் பாடிய ‘விநாயகர் நான்மணிமாலை’யில் 40 பாடல்கள், வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் என மாறி மாறி வரும். தம் தொழில் இன்னதென்று அவர் அறிவித்த ‘நமக்குத் தொழில் கவிதை’ என்ற வாசகத்தை மேடைதோறும் கேட்கிறோம். அது இந்நூலில் உள்ள நேரிசை வெண்பா ஒன்றின் தொடக்கம். வசனகவிதை எழுதத் துணிந்தவர், தம்மைப் பற்றிய அந்த அறிவிப்பை இந்த இறுக்கமான வடிவத்தில் வைத்தார். அசை பிரித்துப் பழக அந்தப் பாடலையே எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து சீர்தான். இரண்டாம் அடியின் இறுதியில் நிற்கும் தனிச்சொல் எதுகையால் முதல் இரண்டு அடிகளோடும் எப்படி இணைகிறது என்று பாருங்கள். தம் சிந்தைக்கு அவர் இடும் கட்டளை, ஓரசை ஏவல்வினையாகக் கடைசிச் சீரில் இருக்கிறது.