முடி சூட்டியது திங்கள், ஓட்டுப் போட்டது வியாழன்!

முடியாட்சியும் நாடாளுமன்றத் தேர்தலும் கைகோத்து நடப்பதைப் பார்க்க பூட்டானுக்கா போகணும்? 2019-இல் நம்ம மதுரையிலேயே நடந்ததே! ஏப்ரல் 15-இல் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். கையில் செங்கோல், நான்கு மாதம் அவள் ஆட்சி. 18-ஆம் தேதி மாசி வீதிகளில் தேரோட்டம். அதே நாள் மக்களவைத் தேர்தல்! தேதியை மாற்றச் சொல்லி உயர்நீதிமன்றம் வரை போனார்கள். தேதி மாறவில்லை; ஓட்டுப்பதிவுதான் இரவு 8 மணி வரை நீண்டது.

தேரை ஊரே பார்த்தது. பூத்துக்குள் நடப்பதை? வாங்க, எட்டிப் பார்ப்போம்!

எந்தப் பூத்தில் வேலை என்பதே அதிகாரிகளுக்கு முந்தின நாள்தான் தெரியும். ஓட்டு மெஷின் பெட்டியோடு போய் பள்ளிக்கூடத்திலேயே படுக்கை. விடிவதற்குள், கட்சி ஏஜென்ட்டுகள் முன்னால் மாதிரி ஓட்டு: குறைந்தது 50! எல்லாருக்கும் விழணும், நோட்டா உட்பட. மெஷினின் கன்ட்ரோல் யூனிட் சொல்லும் கணக்கும், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சடித்துக் காட்டும் விவிபேட்டின் சீட்டுகளும் ஒத்துப்போனால் 'கிளியர்' பட்டன். அவ்வளவுதான், ஜெயித்தவர் தோற்றவர் எல்லாருக்கும் பூஜ்யம்! சீட்டுகள் கறுப்பு உறைக்குள் போகும். பச்சைத் தாள் சீலில் ஏஜென்ட்டுகள் கையெழுத்து.

மணி 7. முதல் அதிகாரி உங்கள் பெயரைச் சத்தமாக வாசிப்பது சும்மா இல்லை. ஏஜென்ட்டுகள் தங்கள் பட்டியலில் டிக் அடிக்கத்தான். அடுத்த அதிகாரி உங்கள் விரலில் மை வைத்து, 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். இன்னொருவர் 'பேலட்' பட்டனைத் தட்டினால்தான் மறைவில் இருக்கும் மெஷினுக்கு உயிர் வரும். நீங்கள் அமுக்கினால் விவிபேட் கண்ணாடிக்குள் சீட்டு தெரியும். சரியாக 7 விநாடி!



கடைசியில் 'குளோஸ்' பட்டன். பதிவான மொத்த ஓட்டை 17சி படிவத்தில் எழுதி ஏஜென்ட்டுகளுக்கு நகல் கொடுப்பார்கள். எண்ணும் நாளில் மெஷின் காட்டும் மொத்தம் அந்தத் தாளோடு பொருந்தணும். 2019-இலும் 2024-இலும் மதுரை மருத்துவக் கல்லூரியில் எண்ணி, சு. வெங்கடேசன் ஜெயித்தார் என்று அறிவித்ததும் இப்படித்தான்.

அடுத்த தேர்தலில் யாராவது ஏஜென்ட்டாக உட்காரக் கூப்பிட்டால் தட்டிக்கழிக்காதீர்கள். இந்தக் கூத்தை முன்வரிசையில் பார்க்க அதுதான் வழி. கிளம்பும்போது மட்டும் 17சி நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்!