வானத்திலிருந்து மருந்து அடிப்பது: வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்



அஸ்தம்பட்டி கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "குச்சிக்கிழங்குக்கு ட்ரோன்ல மருந்து அடிக்கிறாங்களே, நம்ம குழுவும் ஒண்ணு வாங்கலாமா?" நல்ல கேள்விதான். அதற்கு முன் பக்கத்து மாநிலத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

கேரளாவில் காசர்கோடு மாவட்டம். அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காட்டில் 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். தோட்டத்தை ஒட்டியே வீடு, பள்ளிக்கூடம், ஓடை, மூடாத கிணறு. மேடும் பள்ளமுமான இடத்தில் ஹெலிகாப்டரைத் தாழ்வாக ஓட்ட முடியாது. மரத்திலோ கரண்ட் கம்பியிலோ பட்டால் ஓட்டுகிறவர் உயிருக்கே ஆபத்து. உயரத்திலிருந்து அடித்தால் மருந்து மரத்தில் மட்டும் விழுமா? காற்று போகிற பக்கமெல்லாம் போகும். உடல் ஊனத்தோடும் மூளை வளர்ச்சி குன்றியும் பிறந்த பிள்ளைகளை அந்த ஊர்த் தாய்மார்கள் வளர்ந்த பிறகும் தூக்கிச் சுமக்கிறார்கள்.

வேளாண் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998-ல் கோர்ட்டுக்குப் போனார். 2011-ல் சுப்ரீம் கோர்ட் நாடு முழுக்க அந்த மருந்துக்குத் தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்க 2017-ல் உத்தரவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், சட்டம் முன்னாடியே இருந்தது. வானத்திலிருந்து தெளிப்பதென்றால் 24 மணி நேரம் முன்பே ஊருக்கு அறிவிக்க வேண்டும், ஆளும் மாடும் உள்ளே வராமல் தடுக்க வேண்டும், கழுவவும் முதலுதவிக்கும் வசதி வேண்டும் என்று 1971 பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன.

இப்போது ட்ரோனுக்கு வருவோம். அது தாழ்வாகப் பறக்கும், ஆளும் ஏற மாட்டார். ஆனால் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 150, 200 லிட்டர் தண்ணீரில் கலப்பதை ட்ரோனில் 10 லிட்டர் அளவில் கலக்கிறார்கள். மருந்து அவ்வளவு கெட்டி. பக்கத்து வயலில் களை எடுக்கிற நம்ம ஆளுங்க மேல் பட்டால் சும்மா போகாது.

2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த 'ட்ரோன் தீதி' திட்டத்தில், 15,000 மகளிர் குழுக்களுக்கு விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் மானியம் என்று அறிவித்தார்கள். மீதி? குழு தலையில்தான். ஓட்டுகிறவருக்குப் பயிற்சிச் சான்று கட்டாயம். பழுது பார்க்க ஆள் எங்கே, வருசத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று விசாரிக்காமல் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீங்க.

உங்க ஊரில் வேறு யாராவது அடிக்க வந்தாலும் முதல் நாளே தண்டோரா போடச் சொல்லுங்க. குடிதண்ணித் தொட்டியை மூடுங்க. யாருக்காவது மயக்கம், வாந்தி வந்தால் 108-ஐக் கூப்பிடுங்க, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துட்டுப் போங்க. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.