சம்பளம் வாங்காத நர்ஸ்கள்: திட்டம் போடுகிறவர்கள் இவர்களைக் கேட்டார்களா?

மும்பை மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது ஒரு குரல் கேட்கும். “நாதேவாயிக் கோண் ஆஹே?” நோயாளியின் சொந்தக்காரர் யார் என்று கேட்கிறார்கள். ஊரிலிருந்து நேற்று வந்து இறங்கிய, மராட்டியில் ஒரு சொல்கூடத் தெரியாத கிழவிக்கும் மூன்றாம் நாளில் இந்த வார்த்தை பழகிவிடும். சீட்டில் எழுதிய மருந்தை வெளிக்கடையில் வாங்கி வர, ரத்தம் எடுத்த குழாயைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக, ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடிக்க, இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுக்க, எல்லாவற்றுக்கும் நாதேவாயிக் வேண்டும்.

ஒரு காரியத்துக்கு மட்டும் அவரைத் தேடுவதில்லை. நோயாளியை எந்த நிலையில் வீட்டுக்கு அனுப்பலாம், வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களால் முடியுமா, வட்டாரத்தில் என்ன வசதி செய்துகொடுத்தால் முடியும் என்று யோசிக்கிற இடத்தில் அந்தக் குரல் ஒலிப்பதில்லை.

பத்துக்குப் பதினைந்து

டிராம்பேயில் கழிமுகத்தை ஒட்டிக் கிடக்கும் சீத்தா கேம்ப்பை மும்பைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1976-ல் இங்கே குடியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அளந்து கொடுத்த இடம் 10 அடிக்கு 15 அடி. பிற்பாடு பல வீடுகளில் மேலே ஓர் அறை எழும்பியிருக்கிறது. ஏறுவதற்கு இரும்பு ஏணிதான். கீழே ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் மோரி. பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துபோன ஆளை இந்த அறையில் படுக்க வைத்தால் மற்றவர்களுக்கு நிற்கத்தான் இடம் மிஞ்சும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இருப்பது நாலு வரி. மாத்திரை இத்தனை வேளை. இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கை கால் பயிற்சி. பதினைந்து நாள் கழித்துத் திரும்ப வர வேண்டும். இந்த நாலு வரியை நடத்திக் காட்ட ஒரு முழு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மனைவி; இல்லையென்றால் மருமகள், அல்லது கல்யாணம் ஆகாத மகள்.

செம்பூர்ப் பக்கம் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் சம்பாதிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். புருஷன் படுக்கையில். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு அவள் எழுந்தாக வேண்டும். தண்ணீர் பிடித்து, அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவசரப்பட்டுப் புகட்டினால் புரையேறும். வேலைக்கு நேரமாகிவிட்டால் அங்கே வேறு ஆள் வைத்துக்கொள்வார்கள். பொதுக் கக்கூஸுக்கு அவரை நடத்திக் கூட்டிப்போக முடியாது. ஆகவே எல்லாம் அறைக்குள்ளேயே, மோரியிலேயே. பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருப்பார்கள். சந்துக்குள் ஆம்புலன்ஸும் வராது, ரிக்ஷாவும் வராது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர வேண்டும். பகலில் சந்தில் ஆண்பிள்ளை யார் இருக்கிறார்கள்? போக வர ரிக்ஷாக் கூலி, ஒரு நாள் வேலை நஷ்டம். இரண்டாவது வாரத்தில் பயிற்சி நின்றுபோகும். ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர் “வராமல் நின்றுவிட்ட நோயாளி”. அவர் ஏன் வரவில்லை என்ற காரணத்தை எழுத அந்தப் புத்தகத்தில் கட்டம் கிடையாது.

முதுகில் புண் வந்து மறுபடி அட்மிட் ஆகும்போது, “சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையா?” என்று முதலில் திட்டு வாங்குகிறவளும் இவள்தான்.

பெண்கள் மட்டுமல்ல. கண் தெரியாத மனைவிக்குச் சமைத்துப்போடும் ரிட்டயர்டு வாட்ச்மேன் உண்டு. தாய்க்கு டி.பி. என்று ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பெண் குழந்தையும் உண்டு. மனநோய் உள்ள பிள்ளையை வெளியே தெரியாமல் வைத்திருக்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் கேம்ப்பில் அடுத்த வீட்டுக்காரரிடம்கூட வாய் திறப்பதில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, நாட்டில் 15 முதல் 59 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை செய்கிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். அதில் ஈடுபடும் பெண்களுக்கு அந்த வேலை ஒரு நாளைக்குச் சுமார் 140 நிமிஷம்; ஆண்களுக்கு 74 நிமிஷம். குழந்தை வளர்ப்பும் இதில் சேர்ந்ததுதான். படுக்கை நோயாளி இருக்கும் வீட்டில் 140 நிமிஷத்தோடு யாரும் தப்பிக்க முடியாது.

சட்டத்தில் பெயர் இருக்கிறது

இவர்களைச் சட்டம் அறியாது என்று சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பராமரிப்பவர் யார் என்று விளக்கம் சொல்கிறது. பெற்றோரும் குடும்பத்தினரும் அதில் அடக்கம். பணம் வாங்கிக்கொண்டு செய்தாலும், வாங்காமல் செய்தாலும் பராமரிப்பவர்தான் என்பது அதன் வாசகத்தின் கருத்து. அதிக உதவி தேவைப்படும் ஊனமுற்றோருக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டத்தையும் அந்தச் சட்டமே குறிப்பிடுகிறது.

2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மத்திய மனநல ஆணையத்திலும் மாநில மனநல ஆணையத்திலும் மனநோயாளிகளைப் பராமரிப்பவர்களின் சார்பில் இரண்டு இரண்டு பேர் உட்கார வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது.

இந்த யோசனை தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. 1950-களிலேயே வேலூர் சி.எம்.சி.யில் மனநோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்து வைத்தியம் பார்த்தார்கள். அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்க வைத்தார். குடும்பத்தார் உடன் இருந்தால் குணமும் சீக்கிரம், வீட்டுக்குப் போனபின் கவனிப்பும் சரியாக நடக்கும் என்று கண்டுகொண்டார்கள்.

ஆனால் சட்டம் கொடுத்த நாற்காலி மாநிலத் தலைநகரில் இருக்கிறது. ஒரு பேட்டையில் சுகாதார நிலையம் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், நர்ஸ் வீடு தேடி வருவாரா என்று தீர்மானிக்கிற எம்-கிழக்கு வார்டு மட்டத்தில் அவர்களுக்கென்று சட்டம் போட்ட நாற்காலி இல்லை. 2009-ல் வெளியான மும்பை மனித வளர்ச்சி அறிக்கை நகரத்திலேயே கடைசி இடத்தில் வைத்த வார்டு இது.

கேட்காமல் போட்ட திட்டம்

கேட்காமல் போட்ட திட்டம் எப்படியிருக்கும் என்பதைச் சீத்தா கேம்ப்புக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். இந்தக் குடியிருப்பே அப்படிப் பிறந்ததுதான். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் இடித்துத் தள்ளினார்கள். சுமார் 70,000 பேர் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு இந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த ஜனதா காலனியில் தலையெடுத்தவர்தான் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து 1963-ல் பம்பாய்க்கு வந்த தமிழர். குப்பை அள்ள முனிசிபாலிட்டி ஆள் வராதபோது, காலனிக் குழந்தைகள் கையில் ஆளுக்கொரு குப்பைப் பொட்டலம் கொடுத்து முனிசிபல் ஆபீஸ் வாசலில் கொட்ட வைத்தவர் அவர். குப்பை வண்டி வந்தது. 1974-ல் தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனத்தைத் தொடங்கினார். 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ, 2018-ல் காலமானார்.

அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் பிடித்துக்கொண்ட ஆயுதம் கணக்கெடுப்பு. சர்க்கார் எண்ணுவதற்கு முன்னால் நாமே நம்மை எண்ணிவிட வேண்டும் என்பார்கள். 1985-ல் ஸ்பார்க் அமைப்பு பம்பாய் நடைபாதைவாசிகளை வீடு வீடாக எண்ணி வெளியிட்ட அறிக்கை, கண்ணில் படாதிருந்த ஒரு கூட்டத்தை ஆபீஸ் பைல்களுக்குள் கொண்டுவந்தது.

வீட்டை எண்ணியவர்கள் நோய்ப் படுக்கையை எண்ண முடியாதா? ஒவ்வொரு செக்டாரிலும் எத்தனை படுக்கை நோயாளிகள், யார் பார்க்கிறார்கள், அவர் வயசு என்ன, வேலையை விட்டாரா, படிப்பை விட்டாரா? இவ்வளவுதான் கேள்வி. கையில் அப்படி ஒரு பட்டியல் இருந்தால் பேச்சே வேறு.

வெளியே என்ன நடக்கிறது?

சீத்தா கேம்ப் பிறந்த அதே 1976-ல் இங்கிலாந்தில், வேலையை விட்டு நோயாளியைப் பார்ப்பவர்களுக்கு வாரப்படி ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் மேரி வெப்ஸ்டர் என்ற பாதிரியார் இருந்தார். பெற்றோரைக் கவனிக்க 31 வயதில் வேலையை விட்ட கல்யாணமாகாத பெண்மணி அவர். தன்னைப் போன்றவர்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுத, பதில்கள் குவிய, 1965-ல் ஒரு சங்கமே உண்டாயிற்று. ஆனால் வாரப்படி கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது என்று விதி. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அதற்குச் சொன்ன நியாயம்! நம் ஊர் மாமியார் பேசுவது போலவே இல்லையா? தாயாரைப் பார்த்துக்கொண்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். 1986-ல் அந்த விதி ஒழிந்தது.

ஸ்காட்லாந்தில் உள்ளூர் வைத்திய, சமூகச் சேவைகளைத் திட்டமிடும் போர்டுகளில் சம்பளமில்லாமல் பராமரிப்பவர்களின் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்று 2014-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏற்பாடு. நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் பராமரிப்பவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2016-ல் இன்னொரு சட்டம் வந்து, 2018-லிருந்து அமலில் இருக்கிறது. நாற்காலி கிடைத்தவருக்கு ஓட்டு மட்டும் கிடையாது. அங்கேயும் அவ்வளவுதான் கொடுத்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-ல் சில டாக்டர்கள் தொடங்கிய வலி நிவாரணச் சேவை, அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் கைக்குப் போய் ஊர் ஊராகப் பரவியது. 2008-ல் மாநில அரசு அதற்கென்று கொள்கை வகுத்தது. பஞ்சாயத்துகள் தங்கள் திட்டப் பணத்திலிருந்தே வீட்டுக்கு நர்ஸை அனுப்புகின்றன. படுக்கை நோயாளியைப் பார்ப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று ஒரு திட்டமும் அங்கே அறிவித்தார்கள். பணம் பாக்கி நிற்கிறது என்ற புகார்களும் வந்தன. ஆனாலும் உள்ளூரில் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றாவது அங்கே தெரிகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையும் பயிற்சி வைத்தியமும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அதைக் கேள்விப்பட்டு, “ஊரிலேயே விட்டிருந்தால் அப்பாவுக்கு நல்லதாக இருந்திருக்கும்” என்று நினைக்காத மும்பைத் தமிழன் இருக்க மாட்டான்.

என்ன கேட்கலாம்?

தேசிய நகர்ப்புறச் சுகாதாரத் திட்டம் 2013-ல் வந்தபோது, 50 முதல் 100 குடும்பங்களுக்கு ஒரு மகளிர் ஆரோக்கியக் குழு, அதன் கைச்செலவுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். அந்தக் குழுவில் படுக்கை நோயாளி உள்ள வீட்டுப் பெண் ஒருத்தி கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு பொட்டிகையும் ஒரு சக்கர நாற்காலியும் பொதுவில் வாங்கி வைத்து, முறை போட்டுக் கொடுத்து வாங்கலாம் என்று அவள்தான் சொல்வாள். வேறு யாருக்கும் தோன்றாது. மாத்திரைக்கு ஒரு நாள், பயிற்சிக்கு ஒரு நாள் என்று அலைக்கழிக்காமல் இரண்டையும் ஒரே நாளில் வையுங்கள் என்பாள். மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள் என்பாள். பயிற்சியை வீட்டில் செய்ய எனக்கே சொல்லிக்கொடுங்கள், சீட்டைத் தமிழிலோ இந்தியிலோ எழுதிக்கொடுங்கள் என்பாள். இவற்றில் பாதிக்குப் பைசா செலவில்லை.

வார்டு ஆபீஸில் கூட்டம் போட்டு இவர்களைக் கூப்பிட்டாலும் ஒரு சங்கடம் இருக்கிறது. சர்க்கார் கூட்டம் என்றால் பகல் பதினொரு மணி. அந்த நேரத்தில் பஸ் பிடித்துப் போய் உட்கார முடிந்தவர் இந்த வேலையில் இருப்பவராக இருக்க முடியாது. கூட்டம் கேம்ப்புக்குள்ளேயே, நோயாளிக்குச் சோறு ஊட்டி முடித்த பிற்பகலில் நடந்தால் வருவார்கள். அதுவும் அந்த இரண்டு மணி நேரம் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கிடைத்தால்.