எலக்ட்ரிக் கார் பேட்டரி: ஓடும் தூரம் ஏன் குறைகிறது?

சில மாதங்களுக்கு முன், எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "தம்பி, நான்கு வருடம் ஓடிய எலக்ட்ரிக் கார் ஒன்று விலைக்கு வருகிறது. ஒரு முறை சார்ஜ் செய்தால் 300 கிலோ மீட்டர் ஓடும் என்கிறார்கள். ஆனால் பேட்டரி போய்விட்டால் காரே போன மாதிரி என்று என் மாப்பிள்ளை பயமுறுத்துகிறார். நீங்கள்தான் கம்ப்யூட்டர் எல்லாம் பார்க்கிறவர் ஆயிற்றே, சொல்லுங்கள்" என்றார். பணி ஓய்வின்போது கிடைத்த பணத்தில் பெரும் பகுதியை அதில் போட இருந்தார். எனவே விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை.

"சார், முதலில் உங்கள் லேப்டாப்பைத் திறங்கள். பதில் அதிலேயே இருக்கிறது" என்றேன். அவருக்கு விளக்கியதை இங்கு உங்களுக்கும் தருகிறேன். புதிதாக லேப்டாப் வாங்கியவர்களுக்கும் இது பயன்படும். ஏனென்றால் லேப்டாப், மொபைல் போன், எலக்ட்ரிக் கார் ஆகிய மூன்றிலும் இருப்பது லித்தியம் அயன் வகை பேட்டரிதான். 1991ல் சோனி நிறுவனம் இதனை முதன் முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதனை உருவாக்கியதில் பங்கு கொண்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

லேப்டாப்பில் ஒரு சோதனை

விண்டோஸ் இயங்கும் லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட் விண்டோவினைத் திறக்கவும். அதில் ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லையும், அதனை ஒட்டி சி, எப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் டைப் செய்திடவும். ஓர் இடைவெளி விட்டு, முன் சாய்வுக் கோடு அமைத்து, பேட்டரி, ரிப்போர்ட் என்ற இரு சொற்களையும் இடைவெளி இன்றிச் சேர்த்து டைப் செய்து எண்டர் தட்டவும். ஓர் அறிக்கை தயாராகி, அது எந்த இடத்தில் சேமிக்கப்பட்டுள்ளது என்பது திரையில் காட்டப்படும். அந்த பைலை பிரவுசரில் திறந்து பாருங்கள்.

அதில் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று டிசைன் கெபாசிட்டி. இது பேட்டரி புதிதாக இருந்தபோது கொள்ள வேண்டிய அளவு. இன்னொன்று ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி. இன்று முழுமையாகச் சார்ஜ் செய்தால் கொள்ளும் அளவு இது. ஆசிரியரின் லேப்டாப்பில் முதல் எண் 50,000 மில்லிவாட் அவர். இரண்டாவது 35,000. அதாவது 70 சதவீதம்தான் மீதம். ஆனால் டாஸ்க் பாரில் உள்ள ஐகான் 100 சதவீதம் என்றுதான் காட்டியது!

இதில் பொய் எதுவும் இல்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் சேறு படிந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் விளிம்பு வரை வந்தால் தொட்டி நிறைந்துவிட்டது என்றுதான் சொல்வோம். ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீர் முன்பைவிடக் குறைவு. காரிலும் இதே கதைதான். ஒரே வேறுபாடு அளவு. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரி 24 கிலோவாட் அவர். நம் மின் கட்டணக் கணக்கில் சொன்னால் 24 யூனிட். மேலே சொன்ன லேப்டாப் பேட்டரிகள் 480 சேர்ந்தால்தான் அந்த அளவு வரும்.

உள்ளே என்ன நடக்கிறது?

சார்ஜ் ஆகும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, மறு முனையில் உள்ள கிராபைட் அடுக்குகளுக்குள் சென்று தங்குகின்றன. மின்சாரத்தைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. கிராபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. பேட்டரி ஒழுங்காக இயங்க இந்தப் படலம் தேவை. ஆனால் நாளாக நாளாக அது தடித்துக் கொண்டே போகிறது. அவ்வாறு தடிக்கும்போது கொஞ்சம் லித்தியத்தை அது பிடித்து வைத்துக் கொள்கிறது. பிடிபட்ட லித்தியம் பிறகு பயணத்திற்கு வருவதில்லை. கொள்ளளவு குறைவதற்கு இதுதான் முக்கிய காரணம்.

இதிலிருந்து ஒன்று புரியும். காரை ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் பேட்டரிக்கு வயதாகும். பொதுவாக முதல் ஓரிரு ஆண்டுகளில் இழப்பு சற்று வேகமாக இருக்கும். பிறகு நிதானப்படும். மிகவும் பழையதான பிறகு மீண்டும் வேகம் எடுக்கலாம். அதனால் முதல் வருடக் குறைவை வைத்துக் கொண்டு, பத்து வருடத்திற்குப் பெருக்கிப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

அரிசோனா கற்றுத் தந்த பாடம்

பேட்டரியின் பெரிய எதிரி வெப்பம். இதனை உலகம் நன்கு தெரிந்து கொண்டது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில். அங்குள்ள பீனிக்ஸ் நகரில் கோடையில் வெப்பம் 43 டிகிரி செல்சியசைத் தாண்டுவது சாதாரணம்.

லீஃப் காரில், பேட்டரியின் கொள்ளளவைக் காட்ட டாஷ்போர்டில் 12 கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் மறைந்தால் சுமார் 15 சதவீதம் குறைந்துவிட்டது என்று பொருள். 2012 கோடையில், வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத கார்களில் கட்டங்கள் மறைவதை அரிசோனா வாசிகள் பலர் கண்டனர். புதிதாக இருந்தபோதே அமெரிக்க அரசு சோதனையில் அந்தக் காரின் தூரம் 117 கிலோ மீட்டர்தான். அதில் 30 சதவீதம் போனால் மீதம் 82 கிலோ மீட்டர். அலுவலகம் போய்த் திரும்புவதற்கே கணக்குப் பார்க்க வேண்டிய நிலை. வழக்கும் தொடரப்பட்டது.

காரணம் என்ன? அந்தக் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டும் வசதி இல்லை. அதே 2010 டிசம்பரில் வெளிவந்த ஷெவர்லே வோல்ட் காரில் அது இருந்தது. பின்னர் நிசான் நிறுவனம், 12 கட்டங்களில் 9க்கும் கீழே போனால் சரி செய்து தருவதாக, 5 ஆண்டு அல்லது 60,000 மைல் உத்தரவாதம் அறிவித்தது. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் பேட்டரியை 2015 மாடலில் கொண்டு வந்தது.

இன்று பெரும்பாலான எலக்ட்ரிக் கார்களில் திரவக் குளிரூட்டல் உள்ளது. ஆயிரக்கணக்கான வாகனங்களின் தகவலைத் தொகுத்த ஜியோடாப் நிறுவனம், சராசரி இழப்பு ஆண்டிற்கு 2.3 சதவீதம் என 2019லும், 1.8 சதவீதம் என 2024லும் கணக்கிட்டது. தோராயமாக ஆண்டிற்கு 2 சதவீதம் என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம். சராசரி என்பதால் உங்கள் கார் இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம்.

ஆசிரியர் பார்த்த கார்

இந்த விவரங்களுடன் நாங்கள் இருவரும் காரைப் பார்க்கப் போனோம். முதலில், சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுத்துத் தரும்படி கேட்டோம். 88 சதவீதம் என்று வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு இது மோசமில்லை. பிறகு முழுமையாகச் சார்ஜ் செய்து, ஏ.சி. போட்டு, நெடுஞ்சாலையில் சார்ஜ் 50 சதவீதமாகக் குறையும் வரை ஓட்டினோம். 84 கிலோ மீட்டர் ஓடியது. அப்படியானால் முழு சார்ஜில் 168 கிலோ மீட்டர்.

ஆசிரியரின் முகம் வாடிவிட்டது. "300 என்றார்களே, பாதியாகிவிட்டதே" என்றார். அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 168 என்பது 88 சதவீத பேட்டரியில் கிடைப்பது. இதே காரைப் புதிதாக, இதே சாலையில், இதே வேகத்தில் ஓட்டியிருந்தாலும் 191 கிலோ மீட்டர்தான் கிடைத்திருக்கும். ஆக, பேட்டரிக்கு வயதானதால் குறைந்தது 23 கிலோ மீட்டர் மட்டுமே. மற்ற 109 கிலோ மீட்டர் ஆய்வுக்கூடச் சோதனைக்கும் நம் சாலைக்கும் உள்ள வித்தியாசம். அது எந்த நாளும் இருந்ததே இல்லை. வேகம், ஏ.சி., டயரில் காற்று, ஏற்றிய பாரம் எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடும். லேப்டாப் பெட்டியில் 10 மணி நேரம் என்று போட்டிருக்க, நமக்கு 6 மணி நேரம் கிடைக்கிறதே, அதைப் போலத்தான்.

அடுத்து உத்தரவாதத்தைப் பார்த்தோம். பல நிறுவனங்களைப் போல இதற்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோ மீட்டர், 70 சதவீதத்திற்குக் கீழே போகாது என்று இருந்தது. இரண்டாவது உரிமையாளருக்கும் அது செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிக் கொண்டோம். 70 சதவீதம் ஆனாலும் 134 கிலோ மீட்டர் ஓடும். அவர் மகள் வீடு 80 கிலோ மீட்டர் தொலைவில். போகலாம், ஆனால் சார்ஜ் செய்யாமல் திரும்ப முடியாது. மகள் வீட்டில் 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று வைத்துவிட்டால், இரவு தங்கிக் காலையில் கிளம்பலாம். பேட்டரி அறிக்கையைக் காட்டி விலையையும் குறைத்துப் பேசினார். காரை வாங்கிவிட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. தினசரி ஓட்டத்திற்கு 80 சதவீதம் வரை சார்ஜ் செய்தால் போதும். நீண்ட பயணத்திற்கு முன் மட்டும் 100 வரை ஏற்றவும். பல லேப்டாப்களிலும் 80 சதவீதத்தில் சார்ஜ் ஆவதை நிறுத்தும் வசதி உண்டு. அதனை இயக்கி வைக்கவும்.

2. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி என்றால், வாரம் ஒரு முறை 100 வரை சார்ஜ் செய்யும்படி சில நிறுவனங்கள் சொல்கின்றன. அளவைக் காட்டும் கம்ப்யூட்டர் சரியாகக் கணக்கிட இது தேவை. காருடன் வந்த கையேட்டைப் படித்து அதன்படி நடக்கவும்.

3. முழு சார்ஜுடன் வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டாம். நிழல் நல்லது. ஊருக்குப் போவதாக இருந்தால் பாதி சார்ஜில் விட்டுச் செல்லவும்.

4. வேக சார்ஜரைத் தேவைப்படும்போது பயன்படுத்தவும். தினமும் அதையே நம்ப வேண்டாம். வீட்டில் மெதுவாக ஏற்றுவதே பேட்டரிக்கு இதம்.

5. பூஜ்யம் வரை தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் செய்ய வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. லித்தியத்திற்கு அது தேவையில்லை. சில நேரம் கெடுதலும் கூட.

6. பழைய கார் வாங்கும்போது டாஷ்போர்டு காட்டும் தூரத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது, முன்பு ஓட்டியவரின் பழக்கத்தை வைத்துப் போட்ட கணக்கு. பேட்டரி ஹெல்த் அறிக்கையைக் கேட்டு வாங்கவும். தர மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடலாம்.

சென்ற வாரம் ஆசிரியர் மகள் வீட்டிற்குப் போய் வந்தார். வீட்டிற்குத் திரும்பியபோது 47 சதவீதம் சார்ஜ் மீதம் இருந்ததாம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். நீங்களும் இன்று உங்கள் லேப்டாப்பில் அந்த அறிக்கையை எடுத்து, இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் எடுத்துப் பாருங்கள். உங்கள் பேட்டரிக்கு எவ்வளவு வேகமாக வயதாகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.