நாலரை மணி வெயிலுக்கு ஒரு கூரை

கொல்லையில் நாலு கால் நட்டு, பலகை அடித்து, ஒரு பக்கம் சறுக்குமரம், மறுபக்கம் ஊஞ்சல் என்று பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பரண் கட்டுகிறவர்கள் அதுவரை எல்லாவற்றையும் அளந்துதான் செய்கிறார்கள். கூரை என்று வரும்போது மட்டும், வீடு கட்டியதில் மிஞ்சிய தகரத்தைத் தூக்கி மேலே போட்டு, நாலு ஆணியோடு வேலையை முடித்துவிடுகிறார்கள்.

அந்தத் தகரம் யாருக்கு நிழல் தருகிறது என்பது மே மாதத்தில் தெரிந்துவிடும். உச்சிவெயிலில் நிழல் சரியாகப் பரண்மேல்தான் விழும். அந்த நேரத்தில் எந்த அம்மா பிள்ளையை வெளியே விடுகிறாள்? பிள்ளைகள் இறங்குவது மாலை நாலரைக்கு. சென்னையில் அப்போது சூரியன் தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 27 பாகைதான் நிற்கும். கூரை உயரத்தைப்போல் இருமடங்கு தூரம் தள்ளி, கிழக்கே நிழல் சாயும். பரண் தளத்துக்கு மேலே ஐந்தடியில் கூரை என்றால் நிழல் பத்தடி தாண்டிச் செம்பருத்திக்குப் போகிறது. ஆகவே மேற்கே இறவாரத்தை நன்றாகத் தாழ்த்தி இறக்க வேண்டும், அல்லது அந்தப் பக்கம் மட்டும் பச்சை நிழல்வலை கட்ட வேண்டும். சறுக்குமரத்தை வடக்கே வைக்கச் சொல்லும் வெளிநாட்டு யோசனையும் இங்கே செல்லாது. மே மாதத்தில் நம் சூரியனே வடக்கு ஓரமாகத்தான் போகிறது. பரணுக்குக் கிழக்கே வைத்தால் மாலையில் தொடை வேகாது.

கூரைக்கு எதைப் போடுவது என்றால், தென்னங்கீற்றின் குளிர்ச்சிக்கு ஈடு கிடையாது. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் போன பிறகு, பிள்ளைகளின் தலைக்கு மேலே கீற்று வேய எனக்கு மனம் வரவில்லை. தீபாவளி ராக்கெட் எங்கே இறங்கும் என்று யார் கண்டது? பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேண்டவே வேண்டாம். அதை அறுத்தாலும் துளைத்தாலும் பறக்கும் தூள் நுரையீரலுக்குப் பகை. மிஞ்சுவது துத்தநாகம் பூசிய தகரமும் நிழல்வலையும்.

தகரம் போடுகிறவர்கள் அது கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து தடித்த கால் வைக்கிறார்கள். பயப்பட வேண்டியது அது மேலே போவதற்கு. ஆறடிக்கு ஆறடி தகரம் 15 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடியில் புகுந்தால் அதை 200 கிலோவுக்கும் மேலான விசையோடு தூக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் வேதாரண்யம் பக்கம் போனவர்களைக் கேட்டால், யார் வீட்டுத் தகரம் யார் தோப்பில் கிடந்தது என்று சொல்வார்கள். கைமரத்தைக் காலோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் ஓரடிச் சதுரத்தில் இரண்டடிக் குழி எடுத்துக் கான்கிரீட் போட்டால் அதுவே 135 கிலோ பிடிக்கும். தகரத்துக்கு ஆணி வேண்டாம், ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ போதும். அதையும் மடிப்பின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஐப்பசி மழை அந்தத் துளை வழியாகத்தான் இறங்கும்.

கடலோரக்காரர்களுக்கு என் சிபாரிசு, தகரத்தை விட்டுவிட்டு 75 சதவீத நிழல்வலை. புயல் எச்சரிக்கை வந்தால் கயிற்றை அவிழ்த்து மடித்து உள்ளே வைத்துவிடலாம். மழை ஒழுகுமே என்று பெரியவர்கள்தான் கவலைப்படுவார்கள்; மழையில் பரணிலிருந்து இறங்க மறுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

தகரமேதான் என்றால் ஒன்றை மறக்கக் கூடாது. ஐந்து வயதில் கூரைக்குக் கீழே உட்காருகிற பிள்ளை எட்டு வயதில் அதன்மேல் ஏறப் பார்க்கும். வாட்டத்தை நன்றாகச் சரிவாக வையுங்கள், கால் வைக்கத் தோதான குறுக்குச் சட்டம் எதையும் வெளியே விடாதீர்கள், வெட்டிய விளிம்பை உள்ளே மடிக்கச் சொல்லுங்கள். அப்படியும் ஏறுவான். அதனால் ரீப்பரை இரண்டடிக்கு ஒன்றாக நெருக்கிப் போட்டு, அவன் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.